எந்த மழை?

எனக்குத் தெரிந்த மழை ஒன்றுதான். வானம் கருக்கும், காற்று நின்றுபோகும், உடம்பு கசகசவென்று புழுங்கும், பிறகு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் பளிச்சென்று வெயில் அடிக்கும். அரூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு அதற்குமேல் என்ன தெரியும்? மைசூருக்கு வந்து பதினாலு வருஷம் கொத்தனார் வேலை பார்த்தும் அந்த எண்ணம் மாறவில்லை. அதனால்தான் 1994ஆம் வருஷம் ஆனி மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன்.

நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இருபதுக்கு முப்பது மனையில் எங்கள் வீட்டுச் சுவர் எழும்பி நின்றது. ஊரார் வீடெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, நானும் என் மனைவி வடிவும் வேலை நடக்கிற இடத்துத் தகரக் கொட்டகையிலேயே காலம் தள்ளியவர்கள். மேல்தளம் மட்டும் போட்டுவிட்டால் சொந்த வீடு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யார் வீட்டுக்குத் தளம் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து கூலியில்லாமல் கான்கிரீட் சுமப்பார்கள். மதியம் கறிச்சோறு போட்டால் போதும்.

பதினெட்டுப் பேர் மூன்று ஞாயிறும் வந்தார்கள். மூன்று முறையும் நான் அண்ணாந்து பார்த்து, "மழ வருது, வேண்டாம்" என்றேன். மூன்று முறையும் கறிச்சோறு தின்றுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வரை மழை வரவில்லை என்பதை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, வடிவைத் தவிர.

நாலாவது சனிக்கிழமை, தளம் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கச் சென்ட்ரிங் பலகை வாடகைக்குக் கொடுத்திருந்த தொட்டையன் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குப் போட்டா போடு காளியப்பா. இல்லேன்னா திங்கக்கெழம பலகையப் பிரிச்சு வேற சைட்டுக்குக் கொண்டு போயிடுவேன். அப்புறம் தசரா முடிஞ்சாத்தான் கெடைக்கும்."

தசராவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் மேலே மூடாத சுவர் ஊறிப்போகும், வாங்கி வைத்த சிமெண்ட் கட்டிதட்டிப் போகும்.

ஞாயிறு விடிந்தது. வானம் முழுக்க மூட்டம். பச்சைக் கான்கிரீட்டின் மேல் ஒரு மழை கொட்டினால் சிமெண்ட் பாலெல்லாம் கழுவிக்கொண்டு போய் ஜல்லிதான் பல்லை இளிக்கும்.

"மழ வருது" என்றேன்.

வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே, "எந்த மழைங்க?" என்றாள்.

"மழையில என்னடி எந்த மழை?"

"ஒடம்பு புழுங்குதா? இல்ல. ஈசல் பறக்குதா? இல்ல. மேக்கால இருந்து காத்து சிலுசிலுன்னு வருது. இது வெறும் மூட்டம். மூட்டம் வேற, கருமேகம் வேற. பேஞ்சாலும் தூறும், அவ்வளவுதான். நீங்க அரூர் வானத்தத் தூக்கிட்டு வந்து மைசூர்ல மாட்டிப் பாக்கறீங்க."

குண்டலுபேட்டைக்காரி மல்லம்மா, வடிவோடு பத்து வருஷமாகக் கலவைச் சட்டி தூக்குகிறவள், பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"ஹௌது அண்ணா, இது ஜடி புடிக்கிற வானம். ஜடின்னா நூல் மாதிரி நாள்பூரா எறங்கும், சிமெண்ட்டக் கழுவாது. அதுக்கு முன்னாடி துந்துரு வரும். அது மூஞ்சிக்குப் பவுடர் போட்ட மாதிரி, அஷ்டே, அவ்வளவுதான்."

ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்! எனக்குக் கோபம் மூக்குமேல் ஏறியது. கத்த வாயெடுத்தேன். அதற்குள் முதல் சட்டி என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமலே வடிவு கலவை போடச் சொல்லியிருக்கிறாள். இனி கொத்தனார் கீழே நின்றால் மானம் போய்விடும். ஏறினேன்.

பன்னிரண்டு மணிக்குத் துந்துரு வந்தது. மல்லம்மா கன்னத்தைத் தடவி எனக்குக் காட்டினாள். இரண்டு மணிக்கு அது ஜடியாயிற்று. நூல் நூலாக இறங்கியது, கான்கிரீட் அசைந்து கொடுக்கவில்லை. மூன்று மணிக்கு ஏணிப் பக்கத்துக் கடைசி மூலையும் முடிந்தது. கொட்டகையில் இலை போட்டு உட்கார்ந்தோம்.

முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை, தலைக்கு மேலே தகரத்தில் படபடவென்று பெரிய பெரிய சொட்டுகள்.

பதினாலு வருஷம் தகரத்தின் கீழே படுத்த காது. எச்சில் கையோடு ஓடி ஏணியில் ஏறினேன். தார்ப்பாய் எங்கே என்று தெரியவில்லை. இடுப்பு லுங்கியை அவிழ்த்து ஈர மூலைக்கு மேலே குடையாக விரித்துப் பிடித்துக்கொண்டு, பட்டாபட்டி நிக்கரோடு நின்று கூவினேன். "தார்ப்பாய் கொண்டாங்கடா!"

கீழே ஒரே சிரிப்பு. மல்லம்மா கொட்டகையை ஒட்டி நின்ற புளியமரத்தைக் கைகாட்டினாள். காற்று மறுபடி ஓர் உலுக்கு உலுக்கியது. இலைகளில் சேர்ந்திருந்த நீரெல்லாம் தகரத்தின்மேல் மொத்தமாக உதிர்ந்தது. நான் நின்ற இடத்தில் அதே ஜடிதான் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எந்த மழைங்க?" என்று வடிவு கீழேயிருந்து கத்தினாள்.

எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிக்கரோடு நின்றபடியே சிரித்தேன். அன்று நாலு வாரத்துக் கறிச்சோற்றையும் சேர்த்துத் தின்றேன்.

ஜடி எட்டு நாள் விடவில்லை. புதுத் தளம் காய்ந்து வெடிக்காமலிருக்க தினமும் நனைக்க வேண்டும்; நான் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை, எல்லாம் வானமே பார்த்துக்கொண்டது.

மூன்று வாரம் கழித்துத் தொட்டையன் பலகையைப் பிரித்தார். எங்கேயும் ஒரு பொத்தல் இல்லை. அவர் போனபிறகு வீட்டுக்குள் வெறும் தரையில் நானும் வடிவும் உட்கார்ந்தோம். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சத்தமே இல்லை. மேலே எதுவும் தட்டவில்லை.

"வெளிய மழ பெய்யுதாடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேல என்ன தகரமா இருக்கு?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டம் வைக்காத ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டினேன். உள்ளங்கையில் பவுடர் போட்ட மாதிரி மெல்ல வந்து படிந்தது.

"துந்துரு" என்றேன்.