ஃப்ரிட்ஜ் கதவில் மேவ்

ஞாயிற்றுக்கிழமை ஷெல்பி ஓர் ஆட்டைத் துரத்திக்கொண்டு போய், பைக்கோடு கவிழ்ந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆடு தப்பித்துவிட்டது. யாரபெக் ஊரின் பெண்கள் ஃபுட்டி அணிதான் மாட்டிக்கொண்டது. ஃபுட்டி என்றால் பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து.

ஷெல்பி நடுக்களத்து ஆட்டக்காரி. நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும்போது முதலில் பாய்ந்து அள்ளுகிறவள். சனிக்கிழமை கில்டேல் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் யாரபெக் இறுதிச் சுற்றுக்குப் போகும். நாலு வருடத்தில் முதல் தடவை. தோற்றால் அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து குளிரில் ஓட வேண்டியதுதான்.

இந்த அணியைத் தொடங்கியவள் ரோண்டா கெப்பல். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மிச்ச நேரம் முழுக்கப் பயிற்சியாளர். அவள் அணி தொடங்கியபோது, "ஆறு வாரம் தாங்காது" என்று கிளப் கமிட்டியில் ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். அந்த வார்த்தை அவளுக்கு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அந்த முள்ளை எடுக்க அவளுக்கு ஓர் இறுதிச் சுற்று வேண்டும், அவ்வளவுதான்.

ஷெல்பி இடத்தில் யாரைப் போடுவது? ஆள் ஒன்றே ஒன்றுதான்: மேவ் டுலி. ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடுகளைக் கால் இடுக்கில் மடக்கிப் பிடிக்கிற பெண்ணிடமிருந்து எவளும் பந்தைப் பிடுங்க முடியாது. ஆனால் மேவ் நாலு வருடமாக ஃபுல்பேக். கோல் வாசலில் நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்பி உதைக்கிற கடைசி ஆள். அவளை நடுக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் யார் நிற்பது?

கிளப் வீட்டுச் சுவரில், செத்துப்போன ஃப்ரிட்ஜ் ஒன்றின் கதவைக் கழற்றி ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். பீர் பாட்டில் மூடிகளில் காந்தம் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அந்தக் கதவுதான் அணிப் பலகை. திங்கட்கிழமை மேவின் மூடி கோல் வாசலில் இருந்தது. செவ்வாய்க்கிழமை நடுவில் இருந்தது. புதன்கிழமை காலையில் வாசலில், மாலையில் நடுவில். எல்லாம் ரோண்டா செய்த வேலைதான்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? யாரபெக்கில் மக்கள் தொகை அறுநூறு, பயிற்சியாளர்களும் அறுநூறு.

"அவள அங்கிருந்து எடுத்துடாத" என்றான் ரோண்டாவின் புருஷன் நெவில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "பின்னாடி அவ நிக்கறதாலதான் நாம பத்து கோல்ல தோக்காம ரெண்டு கோல்ல தோக்கறோம்."

"நான் ஜெயிக்கறத பத்திப் பேசறேன் நெவில்."

"அதுவும் சரிதான்" என்றான் நெவில். அவனிடம் கேட்டது தன் தப்பு என்று ரோண்டா நினைத்துக்கொண்டாள்.

கிளப் கேன்டீனில் சமைக்கிற பெவ் நேர் எதிர். "நடுவுல பந்த எடுக்கவே ஆளு இல்ல, பின்னாடி கோட்டை கட்டி என்ன பண்ணப் போற? போடு அவள நடுவுல! எனக்கு மட்டும் முட்டி நல்லா இருந்தா நானே போயிருப்பேன்."

கறிக்கடைக்காரன் கத்தியை ஆட்டி ஆட்டி வாசல் என்றான். அவன் பெண்டாட்டி கல்லாவிலிருந்து நடுக்களம் என்றாள். இரண்டு பேரும் அங்கேயே சண்டை பிடிக்க ஆரம்பிக்க, ரோண்டா வாங்க வந்த சாசேஜை மறந்துவிட்டு வெளியே வந்தாள். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. யார் பேசினாலும் அவர் சொல்வதே நியாயமாகப் பட்டது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் அது போய் இது நியாயமாகிவிட்டது. வியாழக்கிழமை பேருந்தைத் திருப்ப வேண்டிய முக்கில் திருப்பாமல் நேரே போய்விட்டாள். ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் கத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது.

மேவ் போனால் வாசலுக்கு மிச்சம் இருந்தது தபால் நிலைய ஜோசலின் மட்டும்தான். நாற்பத்தேழு வயது. மகளைச் சேர்த்துவிட வந்தாள். மகள் மாட்டேன் என்று போய்விட, கூச்சப்பட்டுக்கொண்டு இவள் சேர்ந்துவிட்டாள். அந்த வருடம் மொத்தம் ஐந்து தடவை பந்தைத் தொட்டிருக்கிறாள்.

ரோண்டா தபால்தலை வாங்கப் போனபோது ஜோசலின் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "ரோண்டா, உனக்குப் புண்ணியமாப் போகும், என்ன மட்டும் அந்தக் கோல் வாசல்ல நிக்க வச்சுடாத. நேத்து கனவுலயே எட்டு கோல் வாங்கிட்டேன்."

வியாழன் மாலைதான் அணிப் பெயர்களைப் படிப்பது வழக்கம். பயிற்சி முடிந்து, குளித்தும் குளிக்காமலும் எல்லாரும் கிளப் வீட்டில் கூடுவார்கள். கிண்ணத்தில் சூப்பும் ரொட்டியுமாக உட்கார்ந்திருக்க, பயிற்சியாளர் ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால் நின்று, வாசலில் தொடங்கி மேலே மேலே பெயர்களைப் படித்துக்கொண்டு போக வேண்டும். படித்தது படித்ததுதான், மாற்றவே கூடாது. ஒரு காலத்தில் ஆண்கள் அணியில் எவனோ சனிக்கிழமை காலையில் ஒரு பெயரை மாற்றப்போய், அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார்கள். அன்றிலிருந்து இது சட்டம்.

அன்று ஐந்தரை மணிக்கு ரோண்டா ஒரு முடிவுக்கு வந்தாள். மேவ் வாசலிலேயே இருக்கட்டும். ஜோசலினின் முகத்தை நினைத்தால் வேறு வழி தெரியவில்லை. மேவின் மூடியைக் கோல் வாசலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அப்பாடா என்றிருந்தது.

"ரோண்டா! குண்டானைத் தூக்க ஒரு கை குடு, பொங்கி வழியுது!" என்று பெவ் சமையலறையிலிருந்து கத்தினாள்.

போனாள், தூக்கினாள், துடைத்தாள், திரும்பி வந்தாள். எல்லாரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு பலகையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஃபுல்பேக்... ஜோசலின்."

வாயை விட்டுப் போய்விட்டது. பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். வாசலில் ஜோசலின் மூடி. நடுக்களத்தில் மேவ் மூடி. எந்த நாசமாய்ப் போனவர் மாற்றினார்? அதற்குள் கைதட்டிவிட்டார்கள். மூலையில் ஜோசலினின் கையிலிருந்த ரொட்டி சூப்பில் விழுந்து மிதந்தது. ரோண்டாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அவள் தலையிலிருந்து பாரத்தை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். அந்த நிம்மதிக்காக உடனே வெட்கப்பட்டாள். தன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டது பெவ்தான், ஆள் வைத்துச் செய்த அவள் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்து மிச்சப் பெயர்களையும் படித்து முடித்தாள்.

சனிக்கிழமை தூறல். மைதானத்தைச் சுற்றிக் கார்களை மூக்கு உள்ளே பார்க்க நிறுத்தி, கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஊரே பார்த்தது. யாரபெக் கோல் அடித்தால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் அலறும்.

ஆட்டத்தின் நாலு பகுதிகளில் முதல் பகுதியிலேயே ஹாரன் நாலு தடவை அலறியது. மேவ் பந்தை அள்ளிய அழகை என்னவென்று சொல்வது! கில்டேல் பெண்கள் அவள் மேல் மோதி மோதித் தெறித்தார்கள். ரோண்டா எல்லைக்கோட்டில் குதித்தாள். இரண்டாம் பகுதியில் பந்து யாரபெக் வாசலுக்குப் போனது, ஜோசலின் கண்ணை மூடிக்கொண்டாள், கோல். இன்னொன்று. ரோண்டா தலையில் கையை வைத்தாள். மேவை அனுப்பியது சரியா தப்பா? பத்து நிமிடம் சரி, அடுத்த பத்து நிமிடம் தப்பு. ஆட்டம் முழுக்க இப்படியே போனது.

கடைசிப் பகுதி. நாலு புள்ளி முன்னிலை. ஒரு கோலுக்கு ஆறு புள்ளி, குறி தவறிப் பக்கத்துக் கம்பத்தை ஒட்டிப் போனால் ஒன்று. கில்டேல் ஒன்று அடித்தால் கதை முடிந்தது. இன்னும் எத்தனை நேரம் இருக்கிறது என்பது ஆட்டம் முடிந்தது என்று சங்கு ஊதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். ரோண்டாவால் தாங்க முடியவில்லை. செய்தி கொண்டு ஓடுகிற வேலை நெவிலுக்கு. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போய் மேவ வாசலுக்குப் போகச் சொல்லு. ஓடு!"

நெவில் ஓடினான். அவன் ஓட்டத்துக்கு நடையே தேவலை. அவன் பாதி தூரம் போவதற்குள் நடுவர் பந்தைத் தரையில் அடித்துவிட்டார். மேவ் பாய்ந்து எடுத்தாள், இரண்டு பேரை உதறினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், முழு பலத்தோடு உதைத்தாள்.

யாரபெக் வாசலைப் பார்த்து. சொந்த வாசலைப் பார்த்து!

"ஐயையோ!" என்று ரோண்டா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். கார்களுக்குள்ளிருந்து ஒரு சத்தம் இல்லை. கில்டேல் பெண்களும் திகைத்துப் போனார்கள். பந்தைத் தேடி எல்லாரும் நடுவுக்கு ஓடி வந்திருந்தார்களே. பந்து அத்தனை தலைகளுக்கும் மேலே பறந்து போய், எங்கேயும் நகராதே என்று ரோண்டா சொன்னதற்காக அங்கேயே தனியாக நின்றுகொண்டிருந்த ஜோசலினின் நெஞ்சில் விழுந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தவளை யாரும் தொடக் கூடாது, உதைக்கக் கொஞ்சம் அவகாசமும் உண்டு. ஜோசலின் அதில் ஒரு நொடியையும் விடவில்லை. தபால் நிலையம் மூடுகிற நேரத்தில் கவுன்ட்டரில் பார்சலை நிறுப்பவள் போல நிதானமாகப் பின்னால் நடந்தாள். காலுறையை இழுத்துவிட்டாள். நடுவர் அதட்டினார். பந்தை உயர்த்தினாள். சங்கு ஊதியது.

ஹாரன்கள் நிற்கவே இல்லை. "என்ன மூளைடா சாமி! பந்தப் பின்னாடி அனுப்பி நேரத்தக் கடத்திட்டாளே!" என்று கறிக்கடைக்காரன் ரோண்டாவைத் தூக்கிச் சுற்றினான். கமிட்டி ஆட்கள் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள். "நீ சொல்லி அனுப்பினதா அது?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் நெவில். "நான் இன்னும் போய்ச் சேரவே இல்லியே?"

ரோண்டா பதில் சொல்லாமல் உடை மாற்றும் அறைக்குப் போனாள். மேவ் ஒரு காலணியைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அது திட்டமாடி?"

"திட்டமா!" மேவ் முகத்தைத் துடைத்தாள், சேறு இன்னும் பரவியது. "எது நம்ம பக்கம்னே தெரியல கோச். நாலு வருஷமா கோல் எனக்கு முதுகுக்குப் பின்னாடிதான இருந்துச்சு? ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாறினா நான் பாட்டுக்கு வாசலுக்கு நடந்து போய்த் திரும்பி நிப்பேன். பக்கத்தப் பத்தி யோசிச்சதே இல்ல. நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் கம்பம், ரெண்டும் ஒரே மாதிரி. ஒரு சுத்து சுத்தினேன், அவ்ளோதான்."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு கேட்டாள்: "வியாழக்கிழம மூடிய மாத்தினது பெவ்தான?"

மேவ் இல்லையென்று தலையை ஆட்டினாள். "நான்தான்."

"நீயா?" என்றாள் ரோண்டா.

"ஊரையே கேட்ட. கறிக்கடையில போய்க் கேட்ட. பஸ்ல வர்ற சின்னப் பசங்களக்கூடக் கேட்டியாம். என்ன ஒரு வார்த்த கேட்டியா? நாலு வருஷமா அங்க ஒத்தையா நிக்கறேன். எனக்கும் நடுவுல ஓடணும்னு இருக்குமே."

ரோண்டாவுக்கு முகம் சுட்டது. ஒரு வாரம் அந்த மூடியைக் கையில் வைத்து அங்கும் இங்கும் உருட்டியிருக்கிறாள். அதில் எழுதியிருந்த பெயர் ஓர் ஆளுடையது என்பது உறைக்கவே இல்லை. ஆறு வாரம் தாங்காது என்று சொன்னவர்களும் அன்று அவளை எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்புதான். இப்ப கேக்கறேன். அடுத்த வாரம் எங்க ஆடற?"

மேவ் கழற்றாத காலணியின் சேற்றைச் சுரண்டினாள். "இப்ப கேட்டா? தெரியலயே கோச். நல்லாவும் இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு."

கதவைத் தள்ளிக்கொண்டு ஜோசலின் வந்தாள். பந்தை இன்னும் கீழே வைக்கவில்லை. "ரோண்டா, சொல்லிட்டேன். என்ன மட்டும் அந்த வாசல்ல இருந்து எடுத்துடாத."

மேவ் அவளைப் பார்த்தாள், ரோண்டாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"சரி, நடுவுலயே ஆடறேன்" என்றாள். "ஆனா ஒவ்வொரு பகுதி தொடங்கறப்பவும் எது நம்ம பக்கம்னு நீ கத்தணும்."

"கத்தறேன்" என்றாள் ரோண்டா. பிறகு ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கத்துக் கம்பங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று கடைசிப் பகுதியில் எது நம்முடையது என்று அவளுக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை.