க வரிசையில் ஏழு

ஜெயலட்சுமியை விட்டு முதலில் போனது இந்திதான்.

எங்கள் சந்துக்குக் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு வரும் ராம்பால்தான் அதை முதலில் கவனித்தான். "மாதாஜி நாராஸ் ஹை க்யா?" என்று ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டான். கோபமெல்லாம் இல்லை என்றேன். "பிறகு ஏன் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை?" என்றான்.

கல்யாணமாகி அவள் தில்லிக்கு வந்த புதிதில் எல்லா இடத்திலும் அவளுக்காக நான்தான் பேசினேன். பால் பூத், மருந்துக்கடை, ரேஷன் கடை. அவள் தமிழில் ஒன்று சொல்வாள். நான் அதைக் கொஞ்சம் நீட்டி இந்தியில் சொல்வேன். மூன்றே வருடத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் கோப்புகளின் இந்தியை எழுதிக்கொண்டிருந்தேன், அவள் தெருவின் இந்தியைப் பேசினாள். ராம்பாலின் ஊரில் எந்தக் கிணறு வற்றியது, எந்தத் தம்பி சண்டை போட்டுக்கொண்டு போனான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இப்போது வண்டியின் முன்னால் போய் நின்று, வெண்டைக்காயை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள்.

நாங்கள் இருவருமே பேச்சு குறைந்தவர்கள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோதும் சரி, நான் ஓய்வு பெற்றபின் பக்கத்திலேயே பிள்ளஞ்சியில் இந்த இரண்டு அறைக்கு வந்தபோதும் சரி, மாலைகள் ஒரே மாதிரிதான் கழிந்தன. நான் படித்துக்கொண்டிருப்பேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். விளக்குப் போடும் நேரம் வரை நாலு வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அது குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அமைதிக்குள் அவள் இருந்தாள். கடந்த ஆறு மாதமாக அதே நாற்காலி, அதே கீரைக்கட்டு, அதே அமைதி. அவள் அதற்குள் இருக்கிறாளா என்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது.

பொங்கலுக்குப் பூனாவிலிருந்து வந்த மகள் மதுமதி இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். ஊருக்குப் போனதும் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க ஒத்துக்கவே மாட்டேங்கிறீங்க. டாக்டர்ட்ட காட்டுங்க. இது மறதி நோய்தான்னு அவங்க சொல்லிட்டா அம்மாவ நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன். உங்களால தனியா சமாளிக்க முடியாது."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்களையும்தான் கூப்பிடணும். ஆனா இங்க அத்தை, மாமா ரெண்டு பேரும் இருக்காங்க. ரெண்டு ரூம் வீடு. அம்மா என்னோட படுத்துக்குவாங்க. புரியுதில்லப்பா?"

"அச்சா" என்றேன்.

டெஸ்ட்டில் என்னென்ன கேட்பார்கள் என்பதையும் அவளே சொன்னாள். தேதி கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். அப்புறம் ஒரு எழுத்தைக் கொடுத்து, அதில் தொடங்கும் மிருகங்களாகச் சொல்லச் சொல்வார்கள். ஒரு நிமிடம்தான் நேரம்.

கோல் மார்க்கெட் பக்கம் ஒரு நூலகத்துக்கு வாரம் ஒருமுறை போவேன். அன்று பஸ்ஸில் உட்கார்ந்து நானே சொல்லிப் பார்த்தேன். கழுதை, குதிரை, கரடி, கீரி, காண்டாமிருகம், காட்டெருமை, கடமான், கழுதைப்புலி. பறவைகளையும் சேர்த்தால் ஒரு நிமிடத்தில் பத்தொன்பது. விரல்விட்டு எண்ணி முணுமுணுத்த என்னைப் பார்த்து, பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்த ஜெயாவிடம் கேட்டேன்.

"க வரிசைல ஒரு மிருகம் சொல்லு, பாப்போம்."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"ரிட்டயர் ஆனா ஆம்பளைங்களுக்கு இப்படித்தான் ஆகும்போல. நான் என்ன எல்கேஜியா?"

"ஒண்ணே ஒண்ணு."

தோசையைத் திருப்பிப் போட்டாள். "இதோ, எதிர்ல உக்காந்து தோசை தின்னுட்டிருக்கே. கழுதையா குரங்கான்னுதான் முடிவு பண்ண முடியல."

இரண்டும் க வரிசை. அன்று முழுக்க எனக்கு வயிற்றில் ஒரு லேசான சந்தோஷம் இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. இந்தியில் அவளுடைய பெயரைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டாவது கேள்விக்கும் என்னையே பார்த்தாள். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பிரிவில் இல்லை என்பதால் என்னையே கேட்கச் சொன்னார். "நான் சொல்வதை அப்படியே கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

அப்படித்தான் செய்தேன். தேதி தவறு. கிழமை சரி. கடிகாரத்தில் பன்னிரண்டு எண்ணும் வந்தன, முட்கள் இடம் மாறின. நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களில் இரண்டு வந்தன. டாக்டர் கூட்டிப் பார்த்துவிட்டு, "நடுவில் நிற்கிறது. இந்தக் கடைசி ஒன்றை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆறு வந்தால் கவலையில்லை" என்றார். எந்த எழுத்து என்று நான் கேட்டேன். "உங்கள் மொழியில் நிறைய மிருகங்கள் வரும் எழுத்தாகப் பார்த்து நீங்களே கொடுங்கள்."

"ஜெயா, க வரிசைல மிருகமா சொல்லு. பறவைன்னாலும் சரி. வேகமா."

டாக்டர் கைபேசியில் நேரத்தை ஓடவிட்டார்.

"கழுதை" என்றாள். கொஞ்சம் கழித்து, "குதிரை." அப்புறம் "குரங்கு." என்னைப் பார்த்து உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு, "கலியன்."

கலியன் என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவன். பத்து வருடம் ஞாயிறு தவறாமல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். 'மனுஷனா அவன்' என்று அவள் திட்டாத ஞாயிறு கிடையாது.

ஒரு சிஸ்டர் கையெழுத்துக்காகக் கோப்பை நீட்ட, டாக்டர் குனிந்தார். ஜெயாவின் முகம் மாறியது. "கதவப் பூட்டினீங்களா?" என்றாள். நான் தலையாட்டினேன். "கேஸ மூடினேனா நான்?" அதற்கும் தலையாட்டினேன். அப்புறம் அவள் பேசவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி நிமிடம் அப்படியே போயிற்று. எத்தனையோ மாலைகளை நாங்கள் அப்படி உட்கார்ந்து கழித்திருக்கிறோம். இந்தப் பாதி நிமிடத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மணி அடித்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்கள்."

"கதா, கோடா, பந்தர்" என்று தொடங்கினேன். "கலியன் என்று ஒரு வகை மான்."

"தெற்கில் இருக்கிறதா?"

"ஹாங் ஜி. நீலகிரியில்."

எழுதிக்கொண்டார். அவள் பேசிய வேறு வார்த்தைகளும் அவர் காதில் விழுந்திருந்தன. "அப்புறமும் ஏதோ சொன்னாரே?"

"பாலு" என்றேன். கரடி. "கௌவா." காகம். ஒன்று குறைந்துவிடுமோ என்று பயந்து, "முர்கா" என்று கோழியையும் சேர்த்தேன்.

"ஏழு. நல்லது." சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார். "வயதுக்கேற்ற மறதிதான். ஒரு வருடம் கழித்து வாருங்கள்."

ஆட்டோ ரிங் ரோட்டில் ஏறியபோது மதியம் தாண்டியிருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மதுவுக்கு என்ன சொல்வது என்று வாக்கியங்களை அமைத்துக்கொண்டிருந்தேன். 'ஒண்ணும் இல்லையாம், ஒரு வருஷம் கழிச்சு வரச் சொன்னாங்க.' நன்றாகத்தான் இருந்தது.

"கௌவா நான் சொல்லல" என்றாள் ஜெயா.

திரும்பிப் பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலுவும் சொல்லல. கலியன மானாக்கிட்டீங்க. அது போகட்டும், மானுக்குத்தான் அவமானம்." சற்றுப் பொறுத்து, "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

பேச வராவிட்டாலும் அவளுக்கு இந்தி காதில் விழுகிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மது உன்னைப் பூனாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா."

"நீங்க?"

"அங்க ஒரு ஆளுக்குத்தான் இடம்."

சிக்னலில் ஆட்டோ நின்றது. கிளம்பியது. அடுத்த சிக்னலிலும் நின்றது.

"அதுக்கு என்னை ஏன் கெட்டிக்காரி ஆக்குறீங்க?" என்றாள். கோபமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வதைப் போலத்தான் கேட்டாள். "எனக்கு வரல. வரலன்னுதான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்தா அதுவும் பதில்தான்னு உங்களுக்குக்கூடவா தெரியாது?"

சட்டைப்பையில் இருந்த சீட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"போன மாசம் ரெண்டு தடவ அடுப்ப எரியவிட்டுட்டேன். நீங்க லைப்ரரிக்குப் போயிருந்தீங்க. பாத்திரம் கருகிப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன். உங்கட்ட சொல்லல." முந்தானை நுனியைச் சுருட்டினாள். "எனக்குப் பயமா இருக்குங்க. யார்ட்டயாவது சொல்லணும்னு நினைச்சேன். அந்த டாக்டர் நல்ல பையனாத் தெரிஞ்சான். அவன்ட்ட நீங்க ஏழுன்னு சொல்லிட்டீங்க."

அலுமினியக் கிண்ணம் ஒன்று காணாமல் போனது எனக்குத் தெரியும். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லாமல் விட்ட எல்லாவற்றுக்கும் இந்த ஆறு மாதமாக நானே வார்த்தை போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"பையா, வாபஸ் லே லோ" என்று ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஏதாவது மறந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டர் கிளம்பத் தயாராக இருந்தார். சீட்டை அவர் மேஜையில் வைத்து, "மூன்றுதான்" என்றேன். "மீதி நான் சொன்னது." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். பேனாவை மூடியபடி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேல்மாடி வார்டுக்குப் போன் போட்டு யாரையோ வரச் சொன்னார். "எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள்."

வந்தவள் பிரியதர்ஷினி என்ற நர்ஸ், திண்டுக்கல் பக்கத்துப் பெண். ஜெயாவின் கையைப் பிடித்து, "அம்மா, சாப்டீங்களா? வாங்க, சும்மா பேசிட்டிருப்போம்" என்று உள்ளே அழைத்துப் போனாள். கதவை மூடுமுன் என்னைப் பார்த்து, "சார், என்ன எழுத்து குடுக்கலாம்? எது அவங்களுக்கு ஈசி?" என்றாள்.

"நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

கதவு மூடிக்கொண்டது.

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் உள்ளேயும் நான் வெளியேயும் இருந்தது மது பிறந்த அன்றைக்கு மட்டும்தான். அன்றாவது சத்தம் கேட்டது. இன்று அந்தப் பெண்ணின் குரல் மட்டும் மங்கலாக வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஜெயா யோசித்துக்கொண்டிருக்கிறாளா, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு கிழவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. மது.

"அப்பா, ஹோ கயா? என்ன சொன்னாங்க?"

"இன்னும் முடியல. அம்மா உள்ள இருக்கா."

"நீங்க கூட இல்லயா? யாரு பேசறாங்க அம்மாவுக்கு?"

"ஒரு நர்ஸ் பொண்ணு. நல்லாப் பேசறா."

"ஏம்பா, நீங்க பேசல?"

கிழவரின் உறை மடியிலிருந்து சரிந்தது. குனிந்து எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"மது, டாக்டர் சொல்றதுக்காகக் காத்திருக்க வேணாம். நீ கிளம்பி வா. அடுப்பெல்லாம் எரியவிட்டிருக்கா. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் எங்கள் மகள்தான்.

"சனிக்கிழமை வரேன்" என்றாள் பிறகு. "திரும்பறதுக்கும் இப்பவே டிக்கெட் போட்டுடறேன்." கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு பேருக்குத்தானேப்பா?"

"ஆமா. உனக்கும் அம்மாவுக்கும்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.