அக்கா போட்டுக்கொண்ட ஊசி

பல்லேகலவில் றஞ்சனா நடத்திய சிறிய தையல் பட்டறைக்கு ஒரே விதி: இரண்டு கொரோனாத் தடுப்பூசியும் பதிந்த அட்டை இல்லாதவர் உள்ளே வரக்கூடாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அரசாங்கம் அட்டையைக் கட்டாயமாக்குமா மாட்டாதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. றஞ்சனா அதுவரை காத்திருக்கவில்லை.

அவள் பயந்தது துணி வெட்டும் சின்னமுத்துவுக்காக. அவருக்கு இன்னொருவரின் சிறுநீரகம் பொருத்தியிருந்தது. உடம்பு அதை வேற்றுப்பொருள் என்று தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். அப்படித் தாழ்ந்த உடம்பில் தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. சுற்றியிருப்பவர்கள்தான் அவருக்கு அரண். அதனால் ஆறு மாதமாக மாடி அறையில் தனியே வெட்டினார்.

இப்போது எல்லோரிடமும் அட்டை இருந்தது. அன்று காலை அவருடைய மேசையைக் கீழே இறக்கி, சட்டைகளின் பக்கங்களை மூட்டும் ஜெயராணியின் ஓவர்லொக் மெஷினுக்கு அருகே போட்டார்கள்.

“ஆறு மாசமா சுவத்தோட பேசினேன் புள்ள. இனி உன் மெஷின் சத்தத்துல காதும் போயிரும்,” என்று சிரித்தார் சின்னமுத்து.

ஜெயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றிலிருந்து தொண்டை கரகரத்தது.

முதல் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் அவளுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. இரண்டாவது வேண்டாம், பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி ஒத்துக்கொள்ளாது என்று கடிதம் வாங்கிக்கொள் என்றார் டொக்டர். கடிதத்தைக் காட்டினால் வேலை போய்விடுமோ என்று பயந்தாள். அவள் வீடிருந்த தேயிலைத் தோட்டத்தில் ஒருத்திக்கு முடியாவிட்டால் அக்காவோ தங்கையோ அவள் பேரில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதுண்டு, நாள் சம்பளம் பதிவாகிவிடும். அதே வழக்கத்தில் அக்கா இவள் பேரில் வரிசையில் நின்று ஊசியைப் போட்டுக்கொண்டாள். அட்டை நிறைந்தது. ஆனால் கொழுந்தை யார் பறித்தாலும் கூடை நிறையும். ஊசி போட்ட உடம்புக்கு மட்டுந்தான் உதவும்.

சின்னமுத்து முகக்கவசத்தை இறக்கித் தண்ணீர் குடிக்கப் போனார்.

“கழட்டாதீங்க அண்ணே!”

மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. றஞ்சனா ஓடி வந்தாள்.

“மிஸ், என் அட்டை பொய். ரெண்டாவது ஊசிய அக்கா போட்டுக்கிச்சு. எனக்கு ஒத்துக்காது. இப்ப தொண்டையும் சரியில்ல.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?”

“சொன்னா உள்ள விட்டிருப்பீங்களா?”

றஞ்சனா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “இல்லை. இது என்ர இடம். ஆரை உள்ள விடுறதெண்டு நான்தான் முடிவெடுக்கோணும். இந்த மனுசனுக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?”

“இது என் உடம்பு மிஸ். ஊசி போட்டா நான் செத்துருவேன். அதுக்காகச் சோத்தையும் விடணுமா?”

சின்னமுத்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கமாய்ப் பின்வாங்கினார். “கோபமில்ல புள்ள. பயந்தான்.”

அவளுடைய மெஷினருகே கைப்பகுதி மட்டும் வைத்துத் தைத்த சட்டைகள் குவிந்திருந்தன. பக்கம் மூட்ட அவளை விட்டால் ஆளில்லை. றஞ்சனா அந்தக் குவியலைப் பார்த்தாள், சின்னமுத்துவையும் பார்த்தாள்.

“முதல்ல கொரோனா இருக்கோ எண்டு சோதிச்சுக்கொள். பிறகு டொக்டரின்ர கடிதத்தோட வா. பின் விறாந்தையில மெஷின் போட்டுத் தாறன். உள்ளுக்கு மட்டும் வராதை.”

“அதுவரைக்கும் சம்பளம்?”

“பாப்பம்,” என்றாள் றஞ்சனா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஜெயராணி பையை எடுத்தாள். வெளியே பஸ் வந்து நின்றது, ஜன்னல்வரை ஆட்கள். அவள் ஏறவில்லை. முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, சோதனைக்காகக் குண்டசாலைப் பக்கம் நடந்தாள்.