ராணிகள் குளித்த தொட்டி

பழைய நகரத்தின் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலையில் எனக்கு எட்டு வருட அனுபவம். எட்டு வருடமும் மேற்குப் பகுதியிலேயே கழிந்தது. கோட்டை வாசல், தூண் மண்டபம், இடிந்த கடைத்தெரு என்று ஒரே பாதையில் தினம் மூன்று நடை. செக்குமாட்டுக்குக்கூட அலுத்துப்போகும். எனக்கு அலுக்கவில்லை, நான் பேசுவதை நானே ரசித்துக் கேட்பேன். அலுவலகத்தில் எனக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். அறிவை மெச்சி வைத்த பெயர் என்று இரண்டு வருடம் பூரித்துப்போயிருந்தேன். ஒருமுறை சொன்னதை யார் வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பதற்காக வைத்ததாம். அங்கே நுழைவுச்சீட்டு கொடுக்கும் என் நாத்தனார்தான் பிறகு விளக்கினாள்.

அன்று காலையிலிருந்து தூறல். மண்டபத்தின் கூரைக்கல் ஒன்று சரிந்துவிட்டது என்று பாதையை அடைத்திருந்தார்கள். "இன்னிக்கு வாசலை மட்டும் காட்டி அனுப்பிடுங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்கள். அவர்களுக்கு வாசலை மட்டும் காட்டுவது, விருந்துக்குக் கூப்பிட்டுக் கை கழுவத் தண்ணீர் மட்டும் கொடுப்பது போல என்று எனக்குப் பட்டது.

கிழக்குப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்களுக்கு இன்னும் திறக்கவில்லை. பயிற்சியின்போது எங்களை ஒரு நாள் அங்கே அழைத்துப்போனார்கள். எனக்குக் காய்ச்சல், வேனிலேயே தூங்கிவிட்டேன். ஆனால் புத்தகத்தில் படித்திருந்தேன்: அரண்மனை, குதிரை லாயம், நீராடும் தொட்டி, காவல் கோபுரம். போதாதா?

"வாங்க, எந்த வழிகாட்டியும் காட்டாத ஒரு இடத்தைக் காட்டறேன்" என்றேன். அன்று நான் பேசியதில் உண்மை என்று பார்த்தால் அந்த ஒரு வாக்கியம்தான்.

பம்பு ஷெட்டுக்குப் பின்னால் வேலி விட்டுப்போன இடத்தில் நுழைந்து, இடது கைப்பக்கம் திரும்பி நடந்தோம். கால் மணி நேரத்தில் புதர்களுக்கு நடுவே கல் சுவர்கள் தெரிந்தன. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஆளுயரத்தில் பாதி ஆழமுள்ள நீளமான தொட்டி. ஓரத்தில் தலை உடைந்த ஒரு கோபுரம். புத்தகத்தில் இருந்தது எல்லாம் அப்படியே இருந்தது! எனக்குப் புல்லரித்தது. நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினேன்.

கூட்டத்தில் குடை பிடித்தபடி எழுபது தாண்டிய ஒரு பெரியவர் தன் மகளோடு வந்திருந்தார். அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இந்தத் தொட்டியில யாரு குளிச்சாங்க?"

"ராணிங்கதான் ஐயா. ஓரமெல்லாம் நீலமா படிஞ்சிருக்கு பாருங்க, அது அவங்க பூசின வாசனைப் பொடி."

"ஓஹோ. எத்தனை ராணி?"

"ஏழு."

ஏழு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவர் பணிவாகத் தலையாட்டினார். மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினாள். மழையில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

கோபுரத்துக்குள் ஏன் கரி பிடித்திருக்கிறது என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கேட்டார். எதிரியைக் கண்டதும் காவலர்கள் கொளுத்திய தீப்பந்தம் என்றேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பெரியவர் நடையைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார். குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தத் தொட்டியில நான் பதினோரு வருஷம் முழங்காலளவு தண்ணியில நின்னிருக்கேன். ராணி ஒருத்தரையும் பார்த்ததில்ல."

"என்னய்யா சொல்றீங்க?"

"அது சாயப் பட்டறைம்மா. மூடி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. கோபுரம்னு சொன்னீங்களே, அது கொதிகலனோட புகைபோக்கி. பம்பு ஷெட்டு தாண்டி நீங்க வலது பக்கம் திரும்பியிருக்கணும்."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அங்கே பூமி பிளக்கவும் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

"அங்கயே சொல்லியிருக்கலாமேய்யா!"

"அவ்வளவு ஆசையா சொன்னீங்க, எப்படி நிறுத்தறது? கவலைப்படாதீங்க, நான் வெளியில மூச்சு விடமாட்டேன்."

நான் நல்லவளாக இருந்தால் அந்த நிமிடமே ஒப்புக்கொண்டிருப்பேன். நான் செய்தது, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டதுதான். பஸ் கிளம்பிவிட்டால் ராணிகளும் அதோடு போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பஸ் படியில் ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். நோட்டைத் திறந்து காட்டினார். 'ஏழு ராணிகள்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. "நாளைக்கே என் கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சொல்லப்போறேன் மேடம். நாப்பத்திரண்டு பேர்."

நாற்பத்திரண்டு பிள்ளைகள், அவர்கள் வளர்ந்து பெறப்போகும் பிள்ளைகள். பஸ்ஸுக்குள் ஏறிவிட்டேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் காட்டினது அரண்மனை இல்ல, சாயப் பட்டறை. வழி தவறிட்டேன். ராணிங்க கதையெல்லாம் நானா சொன்னது."

கடைசி இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ஒரு அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தத் தொட்டிகிட்ட நின்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சே, அது எதுக்கு?"

"குளிரும்மா" என்றார் பெரியவர். "அங்க எப்பவுமே குளிரும்."

பெரியவர் அங்கே வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் டிரைவர் எஞ்சினை அணைத்தார். "அப்ப ஐயாவே ஒரு தடவை சுத்திக் காட்டட்டுமே. வந்தது வந்தாச்சு."

டிரைவரைத் தவிர எல்லோரும் மறுபடி நடந்தோம். இந்தத் தடவை நான் கடைசியில். பெரியவர் அளந்துதான் பேசினார். எந்தத் தொட்டியில் நீலம், எதில் சிவப்பு, துணியை எங்கே அலசுவார்கள் என்று கையால் காட்டினார். கல்யாணத்தன்றும் அவர் கை நீலமாக இருந்ததாம். ஏதோ வியாதி என்று பெண் வீட்டார் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டார்களாம்.

"மூடினப்ப ரொம்ப வருத்தமா இருந்திருக்குமே?" என்றார் ஆசிரியை.

"வருத்தமா? நாத்தம்மா, நாத்தம்! வேற வேலை கிடைச்ச அன்னிக்கு ரெண்டு சோப்பு கரையிற வரைக்கும் குளிச்சேன்."

சுவரின் அடிவரிசையைக் குடை நுனியால் தட்டினார். பட்டறை கட்டியபோது முதலாளி கிழக்குப் பகுதியிலிருந்து வண்டி வண்டியாகக் கல்லை அள்ளிவந்தாராம். "அதனால நீங்க சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லம்மா. கல்லு அரண்மனைக் கல்லுதான்." அந்த வார்த்தையை நான் முங்குகிறவள் கட்டையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "குதிரை லாயம்னு சொன்னீங்களே, அது மட்டும் எங்க கக்கூஸ்."

நாங்கள் திரும்புவதற்குள் செய்தி அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது. டிரைவர் என் நாத்தனாரிடம் சொன்னால் போதும், தனியாகத் தண்டோரா வேண்டாம். கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மூடி வெச்சிருக்கற கிழக்குப் பகுதிக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னு மெமோ குடுக்கலாம்னா, நீங்க அங்க போகவே இல்லையேம்மா. நான் என்னன்னு எழுதறது?"

கடைசியில் எதுவும் எழுதாமல், இரண்டு மாதம் பார்வையாளர்களின் பைகளைப் பத்திரப்படுத்தும் அறையில் உட்காரவைத்தார்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பல்செட் செய்கிறவர். சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நானாவது பொய்ப் பல்லுன்னு சொல்லித்தான் குடுக்கறேன்" என்றார்.

பை அறையில் இருந்த நாட்களில் ஒரு மதியம் கண்காணிப்பாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, வரைபடத்தோடு தனியாகக் கிளம்பினேன். பம்பு ஷெட் தாண்டி வலது பக்கம் திரும்பினேன். உண்மையான கிழக்குப் பகுதி வந்தது. புல்லுக்குள் நாலு அஸ்திவாரக் கோடுகள், தண்ணீர் நிரம்பி வழியும் ஒரு குழி, அவ்வளவுதான். எது அறை, எது முற்றம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி நடந்தேன். எட்டு வருடத்தில் அந்த இடிபாடுகளில் நான் பேசாமல் நின்றது அன்றுதான்.

இப்போது மறுபடி மேற்குப் பகுதியில் இருக்கிறேன். ஒரு நடைக்கு நாலைந்து தடவையாவது "அது யாருக்கும் தெரியலைங்க" என்று சொல்லிவிடுகிறேன். முதலில் தொண்டையில் முள் மாதிரி குத்தியது, பழகிவிட்டது. சாயப் பட்டறைப் பெரியவரிடம் மாதம் ஒருமுறை போய், அவர் சொல்வதை எழுதிவருகிறேன். பட்டறை கட்டிய வருடம் பற்றி அவரும் மகளும் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் கருத்துப் புத்தகத்தில் யாரோ எழுதியிருந்ததை நாத்தனார் ஜன்னல் வழியாக உரக்கப் படித்துக் காட்டினாள்: 'வழிகாட்டி அன்பானவர். ஆனால் அவருக்குப் பாதி விஷயம் தெரியவில்லை.'

"பாதிதானா? உன்னைத் தெரியாதவங்க போலிருக்கு அண்ணி" என்றாள்.