பதாகையில் ஆடிய பையன்

இலவசம் என்று சொன்னால் ஊரே ஓடி வரும் என்று ஓஃபோரி நினைத்தார். தலைநகர் அக்ராவில் படித்த மூளை. வேறு எப்படி நினைக்கும்?

காசு கொடுத்து வாங்கிய காலத்திலும் எங்கள் பெண்கள் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டார்கள். செவ்வாய்தோறும் குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகிறவளை எந்தப் புருஷன் சந்தேகப்படுவான்? தராசில் பிள்ளை ஆடும். திரைக்குப் பின்னால் தாய்க்கு நர்ஸ் தலாத்தா ஊசி போடுவாள். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

காப்பீட்டு அட்டை இருந்தால் இனி ஊசி இலவசம் என்று அறிவிப்பு வந்தது. கூடவே அதிகாரியாக ஓஃபோரியும் வந்தார். ஊசிக்கென்று வெள்ளிக்கிழமையை ஒதுக்கினார். மருந்துப் பெட்டிச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சுகாதார நிலைய வேப்பமரத்தில் ஒரு பதாகை: ‘கருத்தடை இங்கே இலவசம்!’ அதன் கீழே பெஞ்சு. நேர் எதிரே சோளக் கள்ளுக்கடை; அங்கே சுரைக்குடுவையும் கையுமாக ஊர்ப் புருஷர்கள் அத்தனை பேரும்.

மூன்று வெள்ளி போயின. பெஞ்சில் ஏறியது ஒரு ஆடு மட்டும்.

“இந்தப் பொம்பளைங்களுக்கு அறிவே இல்ல சிஸ்டர்!”

“எப்படி இருக்கும் சார்? இருந்ததெல்லாம் பதாகைக்கே செலவாயிடுச்சே,” என்றாள் தலாத்தா.

பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார்.

லரிபாவுக்குச் சிரிக்க நேரமில்லை. நான்காவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று பெற்றால் உயிர் நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் அதாங்காவோ அடுத்த பையனுக்குப் பெயரே வைத்துவிட்டான். போன ஊசியின் மூன்று மாதக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது.

குழாயடியில் கேட்டாள்: “யாருக்கெல்லாம் ஊசி வேணும்?”

எல்லோரும் அவரவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“சரி. யாரு வீட்லல்லாம் கைப்புள்ள இருக்கு?”

குடங்கள் குலுங்கச் சிரித்தார்கள். புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெண்கள் திரண்டு வந்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் ஒரு பிள்ளை.

கள்ளுக்கடையிலிருந்து அதாங்கா கத்தினான்: “ஏய் லரிபா! அங்க உனக்கென்னடி வேலை?”

“உம் புள்ளைக்கு எடை பாக்கணும்யா! நீ குடிச்ச கள்ளோட கனம்கூட அவன் இல்லேன்னா யாருக்கு அசிங்கம்?”

கடையே அதிர்ந்து சிரித்தது. அதாங்கா குடுவைக்குள் முகத்தைப் புதைத்தான்.

“எடை பாக்கறது செவ்வாய்க்கிழமை!” என்று ஓஃபோரி குதித்தார்.

“இத்தனை கூட்டமும் உங்களுக்காகத்தான் சார் வந்திருக்கு. திருப்பி அனுப்பிடட்டுமா?” என்றாள் தலாத்தா.

குதிப்பது நின்றது. செல்போன் வெளியே வந்தது. சாவியும் வந்தது.

“தராசுத் துணி கிழிஞ்சிருக்கே, அக்கா,” என்றாள் லரிபா. கண்கள் மரத்துக்குப் போயின. இரண்டு பெண்கள் பதாகையை அவிழ்த்து மடித்துத் தராசில் தொட்டிலாகக் கட்டினார்கள்.

“ஐயோ, என் பதாகை!”

“நல்ல கெட்டித் துணி சார். இப்பத்தான் உபயோகமாச்சு,” என்றாள் தலாத்தா.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆடின. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள்.

ஓஃபோரி மேலிடத்துக்குப் படம் அனுப்பினார்: ‘பதாகையால் ஏற்பட்ட விழிப்புணர்வு.’ படத்தில் லரிபாவின் பையன் ‘இலவசம்’ என்ற சொல்லின்மேல் அம்மணமாக உட்கார்ந்திருந்தான். மேலிடமும் மெச்சியது. அங்கேயும் படித்தவர்கள்தானே!

வீட்டில் அதாங்கா கேட்டான்: “பையன் எடை ஏறியிருக்கானா?”

“ஏறியிருக்கான். மூணு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.”

“மறக்காம போ,” என்றான் அதாங்கா.