பதினேழாம் எண் அட்டை

செல்வராணிக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. பெயர் ஏசுதாசன். சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து போய், பிரிட்டிஷ் இந்தியப் படையில் லாரி ஓட்டியவர். சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்தபோது பிடிபட்டார். அப்போது அவளுக்கு ஒரு வயது. மறு வருடம் அவரைக் கப்பலில் ஏற்றிப் பசிபிக் கடலில் ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்து உயிரோடு திரும்பிய நரசிம்மன் என்ற கூட்டாளி, அவள் அம்மாவிடம் வந்து சொன்னது கொஞ்சம்தான். தீவின் பெயர் தலாமே. மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டவைத்தார்கள். சோறு கிடையாது. கால் வீங்கிச் செத்துப்போனார்.

1997இல், ஐம்பத்தாறு வயதில், அந்தப் பெயரை மெல்பர்ன் நகரத்துப் பயண நிறுவனம் ஒன்றின் கண்ணாடியில் பார்த்தாள். தலாமே, எட்டு நாள். எரிமலை, பவளப்பாறை, வெந்நீர் ஊற்று, போர்க்காலச் சுரங்கங்கள். அவள் கணவன் மகேந்திரராஜா யாழ்ப்பாணத்துக்காரர். படிக்க வந்த இடத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்தவர்கள். புறநகர் கிளென் வேவர்லியில் இருந்த வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "போவம் ராணி. கட்டாயம் போவம்" என்றார்.

அவள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். என் அப்பா அங்கே கைதியாக இறந்தவர், அங்கு இறந்தவர்களின் பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் வரவில்லை. கடைசியில் மகேந்திரராஜா, "நான் போன் பண்ணிக் கதைக்கிறன்" என்றார். கதைத்தாரா என்று அவள் கேட்கவில்லை.

இருபத்திரண்டு பேர் போனார்கள். கூட்டிப்போனவன் கிரெக். நாற்பது வயது, சிரித்த முகம், எதைக் கேட்டாலும் கதை வைத்திருப்பான். முதல் இரண்டு நாளும் தீவு அவளை ஏமாற்றியது. அவ்வளவு அழகு. ஆழமில்லாத நீரில் ஒரு ஜப்பானிய விமானம் கவிழ்ந்து கிடந்தது. அதன் சக்கரத்துக்குள் நீல மீன்கள் குடியிருந்தன. எரிமலையடியில் கறுத்த மணல் காலைச் சுட்டது. இங்கேயா ஒருவன் பசியால் செத்தான் என்று அவளுக்கு நம்பமுடியவில்லை.

மூன்றாம் நாள் சுரங்கம்.

வாசலில் கிரெக் ஜப்பானியச் சிப்பாயின் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றான். வரிசையாக நிற்கச் சொன்னான். ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கட்டிய தடித்த அட்டையை மாட்டினான். "இன்றைக்கு நீங்கள் எல்லாம் கைதிகள். மதியச் சாப்பாடு கைதிகள் சாப்பாடு. முழுக்கத் தின்று முடிக்கிறவருக்குப் பரிசு உண்டு" என்று அதட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழவர் இடுப்பை வளைத்து அவனுக்கு வணக்கம் வைத்தார். அவர் மனைவி போட்டோ எடுத்தாள்.

உள்ளே நீள மேசை. தகரத் தட்டுகளில் ஆளுக்கு ஒரு சோற்று உருண்டை, இரண்டு கீரைத் தண்டு. லாந்தர் வெளிச்சத்தில் சுவரெல்லாம் உளி கொத்திய தடம். செல்வராணி அந்தத் தடத்தில் கை வைத்தாள். கல் ஈரமாக இருந்தது.

"இதை யார் வெட்டினது?" என்று கேட்டாள்.

"கூலிகள்தான். ஆசியாவில் எங்கேயோ இருந்து கொண்டுவந்தார்கள். பெயரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்ற கிரெக், நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிக்கவேண்டும், ஒரு பெயர் தெரியும். உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உங்களுக்காகவே செய்தது."

அவள் திருப்பினாள். கைதி எண் 17. அதன் கீழே அவள் அப்பாவின் பெயர், எழுத்துப் பிழையோடு.

மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

செல்வராணி மகேந்திரராஜாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னார்: "கோவிக்காதையும் ராணி. நான்தான் பேரைச் சொன்னனான். ஒரு மரியாதையாச் செய்வினம் எண்டு நினைச்சன்."

"மரியாதையா? எங்கப்பா பேர நாய்க்குக் கட்டுற மாதிரி கழுத்துல கட்டியிருக்கான். இதுவா மரியாதை?"

"எல்லாரும் பாக்கினம். இரும், இரும்."

"பாக்கட்டும்."

அவள் அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "கழற்றுங்கள்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சிலர் உடனே கழற்றித் தந்தார்கள். வணக்கம் வைத்த கிழவர், "வேடிக்கைக்குத்தானே அம்மா" என்றார். அவள் நகரவில்லை. அவர் கழற்றும்வரை நின்றாள். கடைசியாகக் கிரெக்கிடம் போய்த் தொப்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

"பட்டினியில் செத்தவன் சோற்றுக்கா பரிசு? உன் அப்பன் செத்த இடத்தில் இப்படி விளையாடுவாயா?"

பக்கத்திலிருந்த தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். சோறு சுவரில் சிதறியது. விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். கிரெக் இல்லை. சமைத்துப் பரிமாறிய தீவுக்காரப் பெண், ரூத். நிலமும் சுரங்கமும் அவள் குடும்பத்துடையவை. அவளுக்கும் மூச்சு வாங்கியது, கோபத்தில்.

"விடியற்காலையிலிருந்து சமைத்தேன். என் சோற்றை ஏன் கொட்டினாய்?"

செல்வராணி சுரங்க வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் தாய்மாமன்கள் இரண்டு பேரை இதே சுரங்கத்தில் மண் சுமக்க வைத்தார்கள். திரும்பி வரவில்லை. அவர்கள் பெயரை நீ கேட்டாயா? அவன் கேட்டானா? தொப்பி வேண்டாம் என்று போன வருடமே சொன்னேன். வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றான்."

"மன்னிச்சிடு" என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள்.

ரூத் அவள் கையைப் பிடித்து மலைக்குப் பின்புறம் இழுத்துப்போனாள். கிழங்குத் தோட்டம். நடுவில் ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு இடம் எதுவும் நடாமல் கிடந்தது. "செத்தவர்களை இங்கேதான் போட்டார்கள். அம்மா சொல்லியிருக்கிறாள். நாங்கள் இதில் மண்வெட்டி வைப்பதில்லை."

ஐம்பத்து மூன்று வருடமாக முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அந்த மண்ணைத் தொடாமல் விட்டிருக்கிறது. செல்வராணி புல்லில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது. மலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மகேந்திரராஜா வந்து தோட்ட ஓரத்தில் நின்றார். கிட்டே வரத் துணியவில்லை.

மெல்பர்ன் திரும்பிய மூன்றாம் நாள் அவள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். மற்றவர்களுக்கு அந்தச் சாப்பாடு மிகவும் பிடித்திருந்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று மேலாளர் சொன்னார். அடுத்த பயணத்தில் சலுகை தருவதாகவும் சொன்னார். "உங்க சலுகையை நீங்களே வச்சுக்குங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தாள். கூட வந்த இருபது பேருக்கும் கடிதம் எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வணக்கம் வைத்த கிழவர். வெட்கமாக இருக்கிறது என்று ஒரே வரி.

ரூத்துக்கும் எழுதினாள். தாய்மாமன்களின் பெயரைக் கேட்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில் இருந்தன. அதன் கீழே, சுரங்க வழியில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டோம், கிரெக்கின் பஸ் திரும்பிப் போய்விட்டது, என் அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை, வீட்டில் சண்டை என்று எழுதியிருந்தாள்.

செல்வராணி அடுத்த வாரமே தலாமேவுக்கு டிக்கெட் எடுத்தாள். சமையலறை வாசலில் நின்று மகேந்திரராஜா மெதுவாகக் கேட்டார்.

"நானும் வரட்டோ?"

"வேணாம். நீங்க இருங்க" என்றாள். "இன்னும் எனக்கு ஆறல."