தள்ளுபடி ஐயாவின் ஏழாவது சமரசம்

நீதித்துறை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி, சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சமரச மையத்தின் மூன்றாவது மாடியில், நகல் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கும் அறையில் நடந்தேறியது என்பதைச் சகலருக்கும் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பொன் கைவசம் இல்லாததால் இப்போதைக்குச் சாதாரண மையிலேயே எழுதிவைக்கிறோம்.

நிகழ்ச்சியின் நாயகர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். முப்பத்தொரு வருஷம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கீழே பார்த்தே பேசியவர். அதனால் கழுத்து இன்றைக்கும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேதான் இருக்கும். வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் 'தள்ளுபடி ஐயா'. துணிக்கடைக்காரர்கள் தருகிற தள்ளுபடி என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். மனுவை மேலும் கீழும் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒரே வார்த்தையில் ஆளை வீட்டுக்கு அனுப்புகிற தள்ளுபடி.

ஓய்வு பெற்றதும் அந்த வார்த்தைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. முதல் வாரம் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். இரண்டாம் வாரம், குளியலறையில் இருபது நிமிஷத்துக்கு மேல் இருந்ததற்கு மகளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு நாள் காலையில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, சமரச மையத்துல மத்தியஸ்தர் வேணுமாம். உங்க அனுபவம் வீணாப் போகலாமா? நாலு பேருக்குப் பயன்படட்டும்."

"நாலு பேருக்கா?"

"எங்களைத் தவிர நாலு பேருக்கு."

கையெழுத்துப் போட்டார். ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நாள் தூங்கினார். மூன்று நாள் பயிற்சி கொடுத்தவரைத் திருத்தினார். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, யார் பக்கம் நியாயம் என்று வாயைத் திறக்கவே கூடாது, அவர்களையே பேசவிட்டு அவர்களையே முடிவுக்கு வரவைக்க வேண்டும் என்பதுதான் அந்த ஐந்து நாளின் சாரம். நீதிபதி அதைக் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடிட்டு, கீழே 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதிவைத்தார்.

பரிசீலனையின் பலன் ஆறு வழக்கு, ஆறு தோல்வி. அதில் ஒன்றில், நாற்காலி இழுக்கிற சத்தத் தகராறுக்காக மாடிவீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் வந்தார்கள். நீதிபதி முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அப்புறம் தொண்டையைச் செருமினார். பிழை மாடிவீட்டுக்காரர் மேல்தான் என்று ஆறு காரணங்களோடு அறிவித்தார். கீழ்வீட்டுக்காரர் கைதட்டினார். மாடிவீட்டுக்காரர் எழுந்து போய், வீட்டில் இருந்த அத்தனை நாற்காலிகளையும் ஒரு சுற்று இழுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாராம்.

மைய இயக்குநர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. முன்பு வக்கீல். தள்ளுபடி ஐயாவிடம் பதினொரு மனுக்களைப் பறிகொடுத்தவர். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளாதவர் மாதிரியே பேசினார்.

"சார், ஏழாவது ஒண்ணு இருக்கு. இதுவும் முறிஞ்சா பட்டியல்லேர்ந்து உங்க பெயரை எடுத்துடச் சொல்லி மேலேர்ந்து கடிதம் வந்திருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுல நிம்மதியா ஓய்வெடுக்கலாம் சார்."

வீட்டில் நீதிபதியின் அதிகார வரம்பு, காலைச் செய்தித்தாளில் ஆரம்பித்துக் குறுக்கெழுத்துப் போட்டியில் முடிந்துவிடும். குறுக்கெழுத்தையும் இப்போது மகள்தான் போடுகிறாள். இந்த அறை ஒன்றில்தான் யாராவது அவர் வருகிறபோது எழுந்து நிற்கிறார்கள். எழுந்து நிற்பவர் பெரும்பாலும் நகல் எடுக்க வந்தவர், இருந்தாலும் நிற்கிறார்.

ஏழாவது வழக்கு ஒரு சலவைக் கடை. அக்காவும் தங்கையும் இருபது வருஷமாகச் சேர்ந்து நடத்துவது. தங்கை துவைப்பாள், கறை எடுப்பாள். அக்கா இஸ்திரி போடுவாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா, வாடிக்கையாளர் மேஜையைத் தங்கையைக் கேட்காமல் ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் கடைக்கு நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு எழுந்தது. இந்தப் பக்கம் துவைக்கிற இயந்திரம், அந்தப் பக்கம் இஸ்திரி மேஜை. தங்கை துவைத்த துணியை வாடிக்கையாளரே ஈரத்தோடு கூடையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, நாலடி நடந்து, பக்கத்துக் கதவு வழியாக அக்காவிடம் கொடுக்க வேண்டும். மழை நாளில் அந்த நாலடியிலேயே துணி இன்னொரு தடவை அலசியாகிவிடும். இப்போது இரண்டு பேருக்கும் முழுக் கடையும் வேண்டும்.

முதல் இரண்டு அமர்வுகளிலும் நீதிபதி அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. வீட்டை நினைத்துக்கொண்டார்; திறக்க வந்த வாய் தானாக மூடிக்கொண்டது. ஆனால் பேசாமல் இருந்தவர் எழுதாமல் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, பதினான்கு பக்கங்களோடு வந்து சேர்ந்தார்.

அறையில் இருப்பது வட்ட மேஜை. யாரும் பெரியவர் சிறியவர் இல்லை என்பதற்காக வட்டமாக வாங்கியது. நீதிபதி எங்கே உட்காருகிறாரோ அதுவே அதன் தலைமாடு என்று அவர் முதல் நாளே முடிவு செய்திருந்தார். அக்கா இடதுபுறம், தங்கை வலதுபுறம். இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாம் அவர் வழியாகத்தான்.

"சார், அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, அந்த ஆவிக் குழாயை எம்பக்கம் திருப்பி வைக்க வேணாம்னு."

"சார், அவங்ககிட்டச் சொல்லுங்க, சோப்புத் தண்ணிய வாசல்ல ஊத்துனா நான் வழுக்கி விழுவேன்னு."

"விழுந்தாலாவது மேஜையை நகர்த்தாம இருப்பாங்கன்னு சொல்லுங்க சார்."

நீதிபதி தொண்டையைச் செருமினார். நகல் இயந்திரம்கூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

"இரு தரப்பையும் முழுமையாகக் கேட்டாயிற்று" என்று ஆரம்பித்தார். தாம் செய்வது தீர்ப்பு அல்ல, 'பரிந்துரை' மட்டுமே என்று முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மீதிப் பதின்மூன்றே முக்கால் பக்கத்துக்கு அந்த வரியைப் பற்றி எதுவும் தெரியாது. இரு சகோதரிகளின் பேச்சும் நம்பத்தக்கதாக இல்லை என்று மூன்றாம் பக்கத்தில் சொன்னார். ஆறாம் பக்கத்தில், தொழில் சாதாரணத் தொழிலே என்றார். துவைப்பதை இயந்திரம் செய்கிறது. சூடேற்றினால் இஸ்திரியை யாரும் போடலாம். எனவே பொறாமைக்கு இடமில்லாமல் இருக்கத் துவைக்கும் இயந்திரம் இனி அக்காவுக்கு, இஸ்திரி மேஜை தங்கைக்கு, ஒட்டுப்பலகை நிரந்தரமாக—

"என்னது?" என்றாள் அக்கா.

"குறுக்கே பேசக் கூடாது."

"இஸ்திரி அவளுக்கா? சார், அவ கையில இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தா இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் காலர் மிஞ்சாது!"

"ஆமா சார்" என்று தங்கையும் எழுந்துவிட்டாள். "எனக்கு வராது. அக்கா மாதிரி மடிப்பு வைக்க இன்னொரு ஆளு இல்ல. வெளியூர்லேர்ந்து கல்யாணக் கோட்டு கொண்டுவந்து குடுத்துட்டுப் போறாங்க. யாரும் போடலாமாமே! எங்கே, நீங்க போட்டுக் காட்டுங்க பார்ப்போம்."

"நான் வீட்டில் நானே போட்டுக்கொள்கிறவன்தான்" என்றார் நீதிபதி, கோட்டுக் கையை லேசாகத் தூக்கிக் காட்டி.

வாழ்நாளில் அவர் கொடுத்த வாக்குமூலங்களிலேயே பெரிய தவறு இதுதான்.

அக்கா மேஜையைச் சுற்றி வந்து அவருடைய கைப்பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அட கடவுளே. மேல ஒரு துணியைப் போடாம நேராவே அழுத்தியிருக்காரு. கம்பளி செத்துப்போய் கண்ணாடி மாதிரி மின்னுது. கழட்டுங்க சார்."

"என்ன?"

"கழட்டுங்கன்னா."

முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் யாரும் அந்தத் தொனியில் பேசியதில்லை. வீட்டுக்கு வெளியே பேசியதில்லை. கழற்றிவிட்டார்.

"இங்க பாரு" என்றாள் அக்கா. எட்டு மாதத்தில் தங்கையிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. சொன்னது அவளுக்கே தெரியவில்லை. "பையோரத்துல என்ன கறை இது?"

தங்கை விரலால் தேய்த்தாள், முகர்ந்தாள், எச்சில் தொட்டுப் பார்த்தாள். "மசி அக்கா. பத்து வருஷம் இருக்கும். யாரோ வெந்நீரை வேற ஊத்தியிருக்காங்க."

"நான்தான்" என்றார் நீதிபதி, சன்னமாக.

"நீங்கதான்னு தெரியும், பேசாம உக்காருங்க. அக்கா, எடுத்துடலாம். நான் மசியை எடுத்துக் குடுத்தா இந்தப் பளபளப்பு போகுமா?"

"ஆவி காட்டித் தூரிகை போட்டா போகும். ஆனா ஈரம் காயறதுக்குள்ள எங்கிட்ட வரணும். தெருவைச் சுத்தி வந்தா ஆகாது."

கோட்டின் ஒரு கை அக்காவிடம், இன்னொரு கை தங்கையிடம் இருந்தது.

"பலகையை எடுத்துடலாம்" என்றாள் தங்கை.

"மேஜை?"

"ஜன்னல் பக்கமே இருக்கட்டும். வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்க்கா."

அக்கா கோட்டை மடித்தாள். நிதானமாக, தையலோடு தையல் சேர்த்து மடித்தாள். "கேட்டிருக்கணும்" என்றாள்.

ஒப்பந்தம் மூன்றே வரி. எழுத வேறு காகிதம் இல்லாததால் தீர்ப்பின் ஒன்பதாம் பக்கத்துப் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கோட்டோடு படியிறங்கும்போது "இவருக்குப் போய் யாரு நீதிபதி வேலை குடுத்தா?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி சிரிக்கிற சத்தம் மூன்றாவது மாடிவரைக்கும் வந்தது. சட்டையோடு உட்கார்ந்திருந்த நீதிபதிக்கு லேசாகக் குளிர்ந்தது.

மறுநாள் இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, கருத்துப் படிவங்கள் இரண்டைக் காட்டினார். 'மத்தியஸ்தர் செய்த எது உங்களுக்கு உதவியது?' என்ற கேள்விக்கு அக்கா எழுதியது: 'அவருக்கு ஒண்ணும் தெரியாது.' தங்கை, தனி அறையில் உட்கார்ந்து எழுதியது: 'அக்கா எழுதினதுதான்.'

"சார், உண்மையைச் சொல்லட்டுமா? எட்டு மாசமா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணுமே இல்ல. நீங்க வந்தீங்க. இப்ப நீங்க இருக்கீங்க."

நீதிபதி யோசித்தார். "அப்போ என் பெயர்?"

"இருக்கட்டும் சார். முகம் பார்த்துப் பேச மாட்டோம்னு அடம்பிடிக்கிற ஜோடிங்க அலமாரியில இன்னும் ஒம்பது இருக்கு. எல்லாரையும் உங்ககிட்டயே அனுப்பறேன். நீங்க எதையும் மாத்திக்க வேணாம்."

மனிதன் பிறந்ததிலிருந்து காதுகுளிரக் கேட்க ஏங்குகிற வாக்கியம் ஒன்று உண்டென்றால் இதுதான். தள்ளுபடி ஐயா மாடிப்படியில் வயதை மறந்து இரண்டிரண்டாக இறங்கினார். அதற்குப் பிறகு நான்கு ஜோடிகளை ஒத்துப்போக வைத்துவிட்டார். பதினான்கு பக்கம் பன்னிரண்டாகச் சுருங்கியிருக்கிறது. கோபம் இப்போது ஐந்தாம் பக்கத்திலேயே வந்துவிடுவதால் மீதியைப் படிக்க வேண்டியிருப்பதில்லை. பாதியில் நிறுத்துவதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இயக்குநர் கூப்பிட்டுச் சொன்ன அன்றே வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் வெற்றியை விவரித்தபோது மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இதுக்கு ஏழு வழக்கு வேணுமா? உங்க அம்மாவும் நானும் இருபத்திரண்டு வருஷம் ஒரே சமையலறையில எப்படி ஒத்துமையா இருந்தோம்னு நினைக்கிறீங்க?"

அவருக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்க்கையில் பெருமையாக இருந்தது. அப்படியென்றால் தமக்கு மத்தியஸ்தத்தில் இருபத்திரண்டு வருஷ அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது.

"வாரத்துக்கு எத்தனை நாள்ப்பா வரச் சொல்லியிருக்காங்க?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டு."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளே இருவரும் கையெழுத்திட்டு, ஐந்து நாளாக்கித் தரும்படி இயக்குநருக்குக் கடிதம் எழுதினார்கள்.

மற்ற மூன்று நாளும் அந்த அறையில் காகிதக்கட்டு அடுக்க வேண்டியிருக்கிறது, முடியாது என்று பதில் வந்தது.